கடைசியில் வருபவருக்குக் கோப்பை

டிசம்பர் 8, ஞாயிறு

காணும் பொங்கலுக்கு இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் இருக்கிறது. பயிற்சியை இன்றே தொடங்கிவிட்டேன். மற்றவர்கள் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் சைக்கிளைத் தூசி தட்டுவார்கள். அதனால்தான் அவர்கள் மற்றவர்கள்.

முல்லை நகர் குடியிருப்போர் சங்கத்தின் ஸ்லோ சைக்கிள் பந்தயத்தில் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் நான்தான் முதல். அதாவது கடைசி. இந்தப் பந்தயத்தில் எல்லைக் கோட்டைக் கடைசியாகத் தொடுகிறவர்தான் ஜெயித்தவர். கால் தரையில் படக் கூடாது. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி அடுத்தவர் பாதையில் நுழையக் கூடாது. மூன்றாம் முறையும் ஜெயித்தால் சுழற்கோப்பை சுழல்வதை நிறுத்திவிட்டு நிரந்தரமாக நம் வீட்டில் தங்கிவிடும். கூடத்தில் டி.வி.க்கு மேலே ஒரு பலகை அடிக்கச் சொல்லித் தச்சரிடம் பேசிவிட்டேன்.

சங்கச் செயலாளர் இன்னாசிமுத்து வந்திருந்தார். பொங்கல் மலருக்கு விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமாம். "நம்ம நகர்லயே தத்துவம் பேசுற ஒரே ஆளு நீங்கதான் சார்" என்றார். மனிதருக்கு விவரம் போதாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது தவறு.

மாலையில் வழக்கம்போல வள்ளிக்கண்ணுவோடு கேரம். கல்யாணமான முதல் மாதத்திலிருந்து ஞாயிறு மாலை கேரம்தான். மூன்று ஆட்டம், மூன்றும் எனக்கே. அவளுக்குக் கை வராமல் இல்லை. ரெட் என்கிற சிவப்புக் காயைப் போட்டுவிடுவாள், அதற்கு ஃபாலோவாக உடனே போட வேண்டிய காயைத்தான் கோட்டை விடுவாள். இன்றைக்கும் ஒரு காய் குழி வாயிலேயே உட்கார்ந்திருந்தது, ஊதினால் விழும். அதைத் தவறவிட்டாள். பாவம், வெற்றி பக்கத்தில் வந்தால் அவளுக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. அலுவலகத்தில் பத்து வருஷமாகக் கண்காணிப்பாளராக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பதற்றத்தை நிர்வகிப்பது எல்லோருக்கும் வராது.

டிசம்பர் 11, புதன்

கட்டுரையின் முதல் வரி இன்று பேருந்தில் பிடிபட்டது. "எல்லாப் பந்தயத்திலும் மனிதன் அடுத்தவனை முந்தப் பார்க்கிறான், ஸ்லோ சைக்கிளில் மட்டுமே தன் அவசரத்தை முந்தவிடாமல் பிடித்துக்கொள்கிறான்." வள்ளியிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "உளுந்து ஊறிருச்சு, கிரைண்டர் போடணும்" என்று எழுந்து போய்விட்டாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

பொதுக்குழு. எதிர்வீட்டு ரகோத்தமன் ஒரு தீர்மானத்தோடு வந்திருந்தான். வயது நாற்பது இருக்கும். கியர் சைக்கிள் வைத்திருக்கிறான். காலையில் அதில் போகும்போது உடம்போடு ஒட்டிய உடுப்பும் தலைக்கவசமுமாக, நிலாவுக்குப் புறப்பட்டவன் மாதிரி இருப்பான். போன வருஷம் என்னிடம் தோற்றவன்.

"ஐம்பது வயசுக்கு மேல இருக்கவங்க விழுந்தா சங்கத்துக்குப் பொறுப்பு ஆயிரும் சார். வயசு வரம்பு வைக்கலாம்" என்றான்.

எனக்கு ஐம்பத்தாறு. இந்த நகரில் ஐம்பதைத் தாண்டியும் சைக்கிள் மிதிக்கிற ஆள் நான் ஒருவன்தான். எழுந்து நின்றேன். "விளையாட்டு என்பது மனிதனுக்கு மனிதன் சமமாகும் ஒரே இடம். அங்கே வயது ஏது? சாதி ஏது? ஆண் பெண் ஏது?" என்று ஆரம்பித்து ஒரு கால் மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். தீர்மானம் தோற்றது. இன்னாசிமுத்து அதோடு விடாமல், "சார் சொன்னபடி இந்த வருஷம் லேடீஸும் ஸ்லோ சைக்கிள்ல கலந்துக்கலாம்" என்று அறிவித்துவிட்டார். நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. பேச்சு வேகத்தில் வந்தது. போகட்டும், யார் வரப் போகிறார்கள்?

இன்னொரு விஷயத்தையும் சாதித்தேன். ரகோத்தமன் கைப்பேசியில் பார்த்து, சைக்கிளை அசையாமல் நிறுத்தியே வைத்திருக்கும் வித்தையைக் கற்றிருக்கிறானாம். "நிற்பது ஓட்டுவதாகுமா? உட்கார்ந்திருப்பவனை நடக்கிறான் என்போமா?" என்று கேட்டேன். சபை ஸ்தம்பித்தது. இனிமேல் சக்கரம் நின்றால் நடுவர் மூன்று எண்ணுவார், அதற்குள் அசையாவிட்டால் ஆள் வெளியே. இந்த விதிக்குப் பூமிநாதன் விதி என்று என் பெயரையே வைக்கலாம். நானாகச் சொல்ல முடியாது.

வள்ளி கடைசி வரிசையில் இருந்தாள். வழியில், "நல்லாப் பேசுனீங்க" என்றாள். அவள் இப்படிச் சொல்வது அபூர்வம். கேரமிலும் மூன்றும் எனக்கே.

டிசம்பர் 18, புதன்

என் சைக்கிளின் சீட் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது.

நானாக இறக்கவில்லை. திருகி இறக்கியிருக்கிறார்கள். டயரில் செம்மண். நம் தெருவில் செம்மண் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள காலி மனையில்தான் உண்டு. நான் அலுவலகம் போயிருக்கும் நேரத்தில் யாரோ என் சைக்கிளை எடுத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள். யார் என்று எழுத வேண்டியதில்லை. வீட்டுக்கு எதிரேதான் இருக்கிறான்.

டிசம்பர் 19, வியாழன்

புதுப் பூட்டு வாங்கிப் பூட்டினேன். சாவியை யாருக்கும் தெரியாத இடத்தில், சமையலறை ஆணியில் மாட்டியிருக்கிறேன். வள்ளியிடம் மட்டும் சொல்லிவைத்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

வள்ளியின் கணுக்காலுக்கு மேலே கன்றிப் போயிருந்தது. கேட்டேன். "கட்டில் கால்ல இடிச்சுக்கிட்டேங்க" என்றாள். கட்டிலை நகர்த்திப் போட்டேன். இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில் நான் கவனமாக இருப்பேன்.

கேரம் மூன்றுக்கு மூன்று. கட்டுரை ஆறு பக்கம் ஆகிவிட்டது. தலைப்பு: "தோற்கக் கற்போம்." ஜெயித்தவன் எழுதினால்தான் இந்தத் தலைப்புக்கு மரியாதை.

டிசம்பர் 26, வியாழன்

சீட் மறுபடியும் இறங்கியிருக்கிறது. பூட்டு பூட்டியபடியே இருக்கிறது. ரகோத்தமன் சாதாரண ஆள் இல்லை.

ஜனவரி 2, வியாழன்

மாடிப்படிக்குக் கீழே கிடந்த மகளின் பழைய சைக்கிளைக் காணோம். வள்ளி பழைய இரும்புக்குப் போட்டிருப்பாள். நல்லதுதான், இடம் சுத்தமாயிற்று. தச்சர் வந்து பலகை அடித்துவிட்டுப் போனார்.

ஜனவரி 4, சனி

தோசை ஊற்றிக்கொண்டே வள்ளி சொன்னாள்: "நானும் பேர் குடுத்திருக்கேங்க."

"கோலப் போட்டிக்கா?"

"ஸ்லோ சைக்கிளுக்கு."

சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பொதுக்குழுவில் நான் பேசியது ஞாபகம் வந்தது, சிரிப்பைச் சட்னியோடு விழுங்கினேன். "உனக்கு சைக்கிள் விடத் தெரியுமா?"

"தெரியும்" என்று தோசையைத் திருப்பிப் போட்டாள்.

யோசித்துப் பார்த்தால் இதுவும் நல்லதுக்குத்தான். சாம்பியன் வீட்டிலிருந்தே ஒரு பெண் கலந்துகொண்டால் மற்றவர்களுக்குத் தூண்டுதலாக இருக்கும். பத்தடி போய்க் காலை ஊன்றுவாள், எல்லோரும் கைதட்டுவார்கள், ஒரு பிளாஸ்டிக் டப்பா ஆறுதல் பரிசாகக் கிடைக்கும். வீட்டில் டப்பாவுக்கு எப்போதும் தேவை இருக்கிறது.

ஜனவரி 5, ஞாயிறு

கேரமுக்கு முன்னால் வள்ளிக்கு வகுப்பு எடுத்தேன். பதறாத காரியம் சிதறாது என்பதில் தொடங்கி, விழுந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வரைக்கும். "தோற்பதற்குத்தான் பெரிய மனசு வேணும் வள்ளி. ஜெயிக்கிறதுக்கு வெறும் திறமை போதும்" என்றேன்.

"அப்ப உங்களுக்கு ரெண்டுல எது இருக்கு?" என்றாள், ஸ்ட்ரைக்கரைத் துடைத்துக்கொண்டே.

நல்ல கேள்வி. கட்டுரையில் பதில் இருக்கிறது என்று சொன்னேன்.

ஜனவரி 9, வியாழன்

ஓசூரிலிருந்து மகள் தேன்மொழி பேசினாள். அம்மாவும் பந்தயத்தில் நிற்கிறாள் என்றதும் ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன், சிரிப்பு. "அப்பா, ஊருக்கு உபதேசம் பண்ணுனது போதும், ஜாக்கிரதையா இருங்க" என்றாள். ரகோத்தமனைப் பற்றி வள்ளி அவளிடம் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது.

கேரமில் மூன்றாவது ஆட்டம் முடிந்து காய்களை டப்பாவில் போடும்போது வள்ளி கேட்டாள்: "பந்தயத்துல நானும் நீங்களும் மட்டும் மிஞ்சுனா, எனக்கு விட்டுக்குடுப்பீங்களா?"

அப்படி மிஞ்சுவதற்கு வாய்ப்பில்லை என்பதைச் சொல்லி மனதைப் புண்படுத்த விரும்பவில்லை. "கணவன் என்ற முறையில் விட்டுக்கொடுக்கணும்தான். போட்டியாளன் என்ற முறையில்..." என்று இரண்டு பக்கமும் சீர்தூக்கிச் சொன்னேன்.

"விட்டுக்குடுத்துறாதீங்க" என்றாள். "அப்படிக் கெடைக்கிறதுல என்ன இருக்கு? வாங்குனவங்களுக்கும் இல்ல, குடுத்தவங்களுக்கும் இல்ல."

நல்ல வரி. கட்டுரை அச்சுக்குப் போகாமல் இருந்திருந்தால் சேர்த்திருப்பேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. பலகையைத் துடைத்து வைத்தேன்.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 17, வெள்ளி

அலுவலகத்துக்கு விடுமுறை. வள்ளி கடைக்குப் போயிருக்கிறாள். எழுதிவிடுகிறேன்.

நேற்று மைதானத்தில் காலையிலேயே மலர் கொடுத்துவிட்டார்கள். முதல் பக்கத்தில் என் படம், அடுத்து "தோற்கக் கற்போம்." பந்தயம் முடியும் முன்பே நகரில் எல்லோர் கையிலும் அது இருந்தது. கேட்டிருந்தால் மாலையில் கொடுங்கள் என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

வள்ளி, பழைய இரும்புக்குப் போனதாக நான் நினைத்த சைக்கிளோடு வந்து நின்றாள். புது டயர், புது மணி. புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். பேர் கொடுத்த பெண் அவள் ஒருத்திதான்.

முதல் சுற்றில் ரகோத்தமன் தன் வித்தையைக் காட்டினான். சக்கரத்தைச் சாய்த்து அப்படியே நின்றான். இன்னாசிமுத்து மூன்று எண்ணி வெளியே அனுப்பினார். "நிக்கிறதும் ஒரு பேலன்ஸ்தானே சார்!" என்று அவன் சண்டை போட்டான். என் விதி வென்றது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் காலை ஊன்றினார்கள். கடைசிச் சுற்றுக்கு மிஞ்சியது இரண்டு பேர். நானும் வள்ளியும்.

விசில் ஊதினார்கள். அடுத்தடுத்த பாதை. எனக்கு இடது கைப் பக்கம் அவள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கட்டுரையில் எழுதியவன் நான்தான். ஆனாலும் பார்த்தேன். என் ஹேண்டில் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டிருந்தது, அவளுடையது நேராக இருந்தது. அம்மி நகர்கிற வேகத்தில் வந்துகொண்டிருந்தாள்.

"எங்க கத்துக்கிட்ட?" என்றேன், உதட்டை அசைக்காமல்.

"புதுக்கோட்டைலதான். கல்யாணத்துக்கு முன்னாடி அறிவொளி இயக்கத்துல பொம்பளைங்களுக்கு எழுத்தோட சைக்கிளும் சொல்லிக்குடுத்தோம்ல? ஊரு ஊராப் போவோம். பழகுறவங்களுக்குப் பயம் இருக்கும், பக்கத்துலயே மெல்ல மெல்ல ஓட்டிக்கிட்டு வரணும். எத்தன நூறு பேருக்கு இப்படி வந்திருப்பேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னேன். நீங்க கேசரில முந்திரி தேடிக்கிட்டு இருந்தீங்க."

சீட்டை இறக்கியது யார் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த நேரத்தில் புரிந்திருக்க வேண்டாம். பெடலை ஒரு மிதி கூடுதலாக மிதித்துவிட்டேன். பாதி தூரம் தாண்டியிருந்தோம். நான் அவளைவிட ஒரு முழம் முன்னால் இருந்தேன், அதாவது ஒரு முழம் தோற்றுக்கொண்டிருந்தேன். தலைக்குள் பலகை வந்து நின்றது. டி.வி.க்கு மேலே, காலியாக.

இதை எழுதலாமா என்று நேற்று இரவு முழுக்க யோசித்தேன். எழுதுகிறேன். நான் சொன்னது இதுதான்:

"வள்ளி, நீ கொஞ்சம் முன்னாடி போயிரேன். எனக்கு இது மூணாவது வருஷம். பலகைகூட அடிச்சாச்சு."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் பாதையிலேயே இருந்தது.

"இதுலயுமா?" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் சர்க்கரையும் இல்லையா என்று கேட்பது மாதிரிதான் கேட்டாள். இதிலுமா என்றால், வேறு எதில்? அடுத்த நொடி குழி வாயில் உட்கார்ந்திருந்த அந்தக் காய் கண்ணுக்குத் தெரிந்தது. ஊதினால் விழுகிற காய். அது ஒன்று இல்லை. ஞாயிறுக்கு ஞாயிறு ஒன்று, வரிசையாக, இருபத்தெட்டு வருஷத்துக்கும் சேர்த்து.

என் சக்கரம் நின்றுவிட்டது. "ஒண்ணு... ரெண்டு..." என்று இன்னாசிமுத்து எண்ணுவது கேட்டது. என் விதி. மூன்று வருவதற்குள் கால் தானாகத் தரைக்கு வந்துவிட்டது. குப்புற விழவில்லை, மீசையில் மண் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால்கூடத் தேவலாம், விழுந்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

நான் வெளியேறிய உடனே பந்தயம் முடிந்துவிட்டது. அவள் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. அதே வேகத்தில் எல்லை வரைக்கும் போனாள். நகரமே நின்று காத்திருந்தது. நானும் காத்திருந்தேன், என்ன செய்வது?

ரகோத்தமன் மலரை விரித்துக்கொண்டு வந்தான். "'தோற்றவன் முதலில் செய்ய வேண்டியது, ஜெயித்தவரின் கையைப் பிடித்துக் குலுக்குவது.' அருமையா எழுதியிருக்கீங்க சார்" என்றான். பக்கத்தில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் போய் வள்ளியின் கையைக் குலுக்கினேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் கைகுலுக்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை. கை காய்ப்பேறியிருந்தது. நன்றாக அழுத்திக் குலுக்கினாள்.

அவமானமாக இருந்தது. தோற்றதற்காக இல்லை, அதற்கும்தான். ஆனால் அதைவிட, இத்தனை வருஷம் நான் யாரோடு ஆடிக்கொண்டிருந்தேன் என்ற கேள்வி. கட்டுரையில் இதற்குப் பதில் இல்லை. நேற்று இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.

ரகோத்தமனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அவனைச் சந்தேகப்பட்டது இந்த டைரியையும் வீட்டையும் தாண்டி யாருக்கும் தெரியாது.

ஜனவரி 18, சனி

கோப்பை பலகையில்தான் இருக்கிறது. பலகை வீணாகவில்லை என்று வள்ளிக்குத் திருப்தி.

காபி குடிக்கும்போது நேராகவே கேட்டேன். "கேரம்ல ஏன் அப்படிப் பண்ணின?"

அவள் மழுப்பவில்லை. "கல்யாணம் ஆன மொத மாசம் ஒரு தடவ ஜெயிச்சேன். நீங்க மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு அன்னிக்கு சாப்பிடாமப் படுத்துட்டீங்க. ஒரு சட்டி மீன் கொழம்பு வீணாப் போச்சு. அதுக்கப்பறம் எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

"அது எனக்கு ஞாபகமே இல்லையே."

"கொழம்பு வச்சவளுக்குத்தான ஞாபகம் இருக்கும்?"

"அப்ப பந்தயத்துக்கு மட்டும் ஏன் வந்த?"

"நீங்கதான அன்னிக்கு எல்லார் முன்னாடியும் பேசுனீங்க, சமம்னு. சரி, ஒரு தடவ கேட்டுத்தான் பாப்போமேன்னு தோணுச்சு" என்றாள்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது பசியே இல்லை. ஆனாலும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜனவரி 19, ஞாயிறு

மாலை ஆனது. கேரம் போர்டை யார் எடுப்பது என்று தெரியவில்லை. கடைசியில் நான்தான் பீரோவுக்குப் பின்னாலிருந்து அதை இழுத்து எடுத்தேன். பவுடர் போட்டேன். தேவைக்கு மேல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்பவும் போலத்தானா?" என்று கேட்டாள்.

"இல்ல. உன் ஆட்டத்த ஆடு."

"சோறு?"

"சாப்பிடுவேன்."

முதல் ஆட்டம். ஸ்ட்ரைக்கர் அவள் கைக்குப் போனது, திரும்பி வரவே இல்லை. ரெட், ஃபாலோ, வரிசையாக வெள்ளை. குழி வாயில் ஒரு காய் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்காமலேயே போட்டாள். நான் கையில் பவுடரோடு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். இரண்டாவது ஆட்டத்தில் எனக்கு ஸ்ட்ரைக்கர் இரண்டு தடவை வந்தது. ஒரு காய் போட்டேன், அதுவும் அவளுடைய காய். கோபம் வந்தது. மூஞ்சியைத் தூக்கப் போகிறேனா என்று அவள் ஓரக்கண்ணால் பார்ப்பது தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "அடுத்தத வை" என்றேன்.

மூன்றாவது ஆட்டத்தில் நாலு காய் போட்டேன். நாலாவது காய் போர்டின் சட்டத்தில் பட்டு, அவளுடைய காயை உரசிக்கொண்டு, எதிர் மூலைக் குழியில் விழுந்தது. உரசலில் நகர்ந்த காய், அவள் அடுத்து அடிக்கக் குறி வைத்திருந்த வழியை அடைத்துவிட்டது.

"ச்சே!" என்றாள் வள்ளி, தொடையில் தட்டிக்கொண்டு.

எத்தனையோ ஞாயிறு ஆடியிருக்கிறோம். நான் ஒரு காய் போட்டு அவள் "ச்சே" என்று சொல்லிக் கேட்டது இன்றைக்குத்தான்.

அந்த ஆட்டமும் அவளுக்குத்தான். இன்னொன்று ஆடலாமா என்று கேட்டேன். அடுப்பில் குழம்பு கொதிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. அவள் போய்த் தீயைக் குறைத்துவிட்டு வந்து காய்களை அடுக்கினாள்.